பார்லிக்கு ஒரு தேக்ஸா

முழங்கால் ஜவ்வு ஷட்டில் ஆடும்போது கிழிந்தது என்றுதான் அஸ்வத் ஆபீஸில் சொல்லிவைத்திருந்தான். உண்மையில் அது லஸ் முனையில், பஸ்ஸுக்கு ஒதுங்குவதற்காக நடைபாதையிலிருந்து காலைக் கீழே வைத்தபோது கிழிந்தது. தீப்பிடித்த கிடங்குகளையும் வெள்ளம் புகுந்த கடைகளையும் போய்ப் பார்த்து, சேதம் இவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கிற சர்வேயர் அவன். அப்படிப்பட்டவன் அரையடி உயரத்திலிருந்து இறங்கும்போது காலைக் கெடுத்துக்கொண்டான் என்று தெரிந்தால் தொழிலில் மரியாதை இருக்காது என்று நினைத்தான்.

ஆபரேஷன் முடிந்து மந்தைவெளி வீட்டில், இரண்டாம் மாடியில், தலையணைமேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தான். போனில் முட்டிக்கான உடற்பயிற்சி வீடியோக்களைத்தான் முதலில் பார்த்தான். அங்கிருந்து எந்தச் சந்து வழியாகப் போனானோ, அவனுக்கே தெரியாது. சில நாட்களில் எங்கோ குளிர் ஊரில் ஒரு தாடிக்காரர் தன் கார் ஷெட்டில் பீர் காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தாடிக்காரர் முடிந்ததும் வேறொரு தாடிக்காரர் வந்தார்.

அஸ்வத் பெரிய குடிகாரன் ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, பாண்டிச்சேரியில் யாருக்காவது கல்யாணம் என்றால் உண்டு. அவனுக்குப் பிடித்துப்போனது அந்த ஆட்களின் நிதானம். பார்லியை எடைபோட்டார்கள், கொதிக்கவைத்தார்கள், ஆறவைத்தார்கள், மூடிவைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். யாரும் போன் பண்ணி ரிப்போர்ட் எப்போது வரும் என்று அவர்களைக் கேட்கவில்லை. எழுந்து நடமாட ஆரம்பிப்பதற்குள் பீர் காய்ச்சுவதைப் பற்றி அவனுக்குத் தெரியாதது அனேகமாக எதுவுமில்லை. காய்ச்சியது மட்டும் இல்லை.

ஒருநாள் காலையில் விஷயத்தை மனைவி கீர்த்தியிடம் சொன்னான். கீர்த்தி வக்கீல். வீட்டுக்காரர், குடித்தனக்காரர் வழக்குகள் பார்ப்பவள். கோர்ட்டுக்குக் கிளம்பிக் கழுத்தில் வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். எத்தனை லிட்டர் என்றாள். இருபது என்றான். விற்கவா, குடிக்கவா என்றாள். குடிக்கத்தான் என்றான். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம், வீட்டுக்கெல்லாம் லைசன்ஸ் தரமாட்டார்கள் என்றாள். அவன் முகம் வாடியதைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினாள்.

"பாத்திரம் வாங்கலாம். பாத்திரம் வாங்கறது குத்தமில்ல. அதுல என்ன கொதிக்குதுங்கறதுலதான் சட்டமே இருக்கு."

"அப்ப பாத்திரம் மட்டும் பாக்கவா?"

"பாரு. ஆனா அதுக்கு மேல எங்கிட்ட எதையும் சொல்லாத. தெரிஞ்சா நான் வக்கீல். தெரியாதவரைக்கும்தான் பொண்டாட்டி."

அப்படித்தான் அஸ்வத் பாத்திரம் பார்க்க ஆரம்பித்தான்.

இருபது லிட்டர் பீருக்கு இருபது லிட்டர் பாத்திரம் போதாது. பார்லிச் சாறு கொதிக்கும்போது பால் மாதிரி பொங்கும், ஆகவே நாற்பது லிட்டராவது வேண்டும். அலுமினியம் மலிவு, இலேசு, சீக்கிரம் சூடேறும். ஆனால் அலுமினியத்தில் காய்ச்சினால் ருசி கெடுமா கெடாதா என்று வீடியோக்களுக்குக் கீழே உலகம் முழுக்க ஜனங்கள் சண்டைபோட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரப்பையும் முழுக்கப் படித்துப் பார்த்த அஸ்வத்துக்கு இரண்டுமே சரி என்று தோன்றியது. எவர்சில்வர் நல்லது. ஆனால் மலிவான எவர்சில்வர் அண்டாவுக்கு அடி தகடுபோல இருக்கும், பார்லியின் இனிப்பு அடியில் பிடித்துக் கருகும். அடி கனமான எவர்சில்வருக்கு மோட்டார் பைக் விலை சொன்னார்கள். செம்பைப் பற்றி அவன் விசாரிக்கவே இல்லை, தள்ளி நின்று பார்த்ததோடு சரி.

முதலில் போனது தி.நகர் ரங்கநாதன் தெருப் பக்கம் ஒரு பெரிய பாத்திரக்கடைக்கு. அண்டாக்கள் நாலாவது மாடியில் இருந்தன. மாடிப்படி ஏறி முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம், அங்கே வேலைபார்த்த பெண் என்ன விசேஷம் சார் என்று கேட்டாள். நாற்பது லிட்டர் அண்டாவை விசேஷம் இல்லாமல் யாரும் வாங்குவதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கிரகப்பிரவேசம் என்றான். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சந்தோஷம். எந்த ஏரியாவில் வீடு, எத்தனை பெட்ரூம் என்று கேட்டாள். ஆதம்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் என்றான். தாம்பூலத்தோடு கொடுக்க என்ன பார்த்திருக்கிறீர்கள் என்றாள். அண்டா எதுவும் சரிப்படாமல், இரண்டு டஜன் குங்குமச் சிமிழ்களோடு அவன் கீழே இறங்கிவந்தான்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்திலிருந்த கடையில் உஷாராக அன்னதானம் என்றான். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். எந்தக் கோயில், என்றைக்கு, தன் பங்குக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பலாமா என்று கேட்டார். அந்தத் தெரு வழியாகப் போவதையே அஸ்வத் அதற்கப்புறம் விட்டுவிட்டான். ஓட்டல் சாமான் விற்கும் இன்னொரு கடையில் மட்டும், டிபனா மீல்ஸா என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். டிபன் என்றான். பாத்திரம் அருமையாக இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, பார்ட்னரைக் கலந்துகொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

பாத்திரம் பார்ப்பதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. சர்வே வேலைக்கு வைத்திருக்கும் டேப்பால் வாயையும் உயரத்தையும் அளப்பான். அடியைக் கவிழ்த்து விரல் முட்டியால் தட்டிக் கேட்பான். கைப்பிடியை ரிவிட் அடித்திருக்கிறார்களா, வெறுமே பற்றவைத்திருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பான். கடைசியில் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பான். தி.நகருக்கு ஒருதடவை கீர்த்தியும் கூடப் போனாள். கடை நடுவில் புருஷன் தோள்வரைக்கும் அண்டாவுக்குள் போய்விட்டதைப் பார்த்ததும் மெல்ல நகர்ந்து குக்கர்கள் இருந்த பக்கம் போய், குக்கர் வாங்க வந்தவள் மாதிரி நின்றுகொண்டாள்.

வாரங்கள் ஓடின. முட்டி சரியாகி அவன் வேலைக்கும் போக ஆரம்பித்தான். உண்மையைச் சொன்னால், பாத்திரம் கிடைக்காததில் அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. கிடைத்துவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். அடுத்த கட்டம் குற்றம். தேடிக்கொண்டிருக்கிறவரைக்கும் அவன் சட்டத்துக்கு உட்பட்டவன்.

இப்படி இருக்கும்போதுதான் ராயப்பேட்டையில் ஒரு ஷாமியானா கிடங்கில் தீப்பிடித்து, அதைப் பார்க்க அவனை அனுப்பினார்கள். கருகிய துணிகளைப் படமெடுத்துக்கொண்டு வெளியே வந்தவன் பக்கத்து வாசலில் நின்றுவிட்டான். உள்ளே முற்றத்தில் பிரியாணி அண்டாக்களான தேக்ஸாக்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. எல்லாம் அலுமினியம், ஒவ்வொன்றும் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போல. அவற்றின் நடுவில் ஒரேயொரு எவர்சில்வர் இருந்தது. தூரத்திலிருந்தே நாற்பது லிட்டர் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வீடு அஃப்சருன்னிசாவுடையது. கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்பவர், ஐம்பதைத் தாண்டிய அம்மாள். அந்தப் பாத்திரம் விற்பதற்குத்தானா என்று கேட்டான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கீர் பாயசம் காய்ச்சவும் ஆட்டுக்கால் பாயா வைக்கவும் சொல்லிச் செய்தது, அடி நல்ல கனம், ஆனால் கல்யாணத்துக்குச் சின்னது, வீட்டுக்குப் பெரியது, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, தகுந்த ஆள் கிடைத்தால் கொடுத்துவிடலாம் என்றார். விளிம்பில் அவர் பெயர் புள்ளி புள்ளியாகத் தமிழில் வெட்டியிருந்தது.

அஸ்வத் டேப்பை எடுத்தான். அடியைத் தட்டினான். கோயில் மணிபோல ஒலிக்காமல் 'தொம்' என்று ஒரு சத்தம். இத்தனை வாரமாக அவன் கேட்க ஏங்கியது அந்தச் சத்தத்தைத்தான். தலையை உள்ளே விட்டான்.

"என்ன தேடுறீங்க தம்பி?" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது.

"வாசனை" என்றான் உள்ளிருந்தபடியே.

புளி போட்டுத் தேய்த்தது, பாயா வாசனையெல்லாம் எப்போதோ போய்விட்டது என்று அவர் சொன்னார். பிறகு எல்லாரும் கேட்பதைக் கேட்டார். எதற்கு?

அஸ்வத் தலையை வெளியே எடுத்தான். கிரகப்பிரவேசம், அன்னதானம், டிபன் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அவனுக்கு அலுத்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றியது. முழு உண்மையையும் ஒரு முஸ்லிம் அம்மாளிடம், அவர் கீர் காய்ச்சிய பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. அதனால் முன்பாதியை மட்டும் சொன்னான்.

"பார்லி வேகவைக்க."

அஃப்சருன்னிசாவின் முகம் மாறியது. அவர் கணவருக்குப் பல வருஷமாகச் சிறுநீரகக் கல் தொந்தரவு. வலி வந்தால் தரையில் புரளுவார், டாக்டர் பார்லித் தண்ணீரைத்தான் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் சொல்லிவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்: "உங்களுக்கா தம்பி கல்லு?"

அஸ்வத் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தான். அந்த மௌனத்தை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். கேட்டிருக்கக் கூடாதுதான் என்று தானே சொல்லிக்கொண்டார். நாற்பது லிட்டர் ஒரு ஆளுக்கு அதிகம் என்பதும் அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். வெயில் காலத்தில் நாலு பேருக்கும் கொடுப்பீர்களா என்று கேட்டார். வெயில் காலத்தில்தான் நன்றாக இருக்கும் என்றான் அஸ்வத். அதுவும் உண்மைதான். அவன் கேட்காமலே அவர் விலையைக் குறைத்தார். மூடியைச் சும்மா கொடுத்தார். பாத்திரத்தை ஆட்டோவில் ஏற்றும்போது அவனைத் தூக்கக்கூட விடவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆட்டோவின் பின்சீட்டைத் தேக்ஸாவும் மூடியும் அடைத்துக்கொண்டதால் அஸ்வத் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தான். தான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை வழியெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். அது அவ்வளவாக உதவவில்லை.

வீட்டு வாசலில் சண்முகவேல் நின்றுகொண்டிருந்தார். கீழ் வீட்டுக்காரர், அந்த அடுக்ககத்தின் செக்ரட்டரி. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், தி.நகரில் சேலைக்கடை வைத்திருக்கிறார். என்ன தம்பி இவ்வளவு பெரிய அண்டா என்றார். பார்லி என்று அஸ்வத்தின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சண்முகவேலுக்கு இரண்டு தடவை கல் எடுத்திருக்கிறார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கைப்பிடியைத் தான் பிடித்து, இரண்டாம் மாடிவரை தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

முட்டி ஆபரேஷன் என்று சொன்னதெல்லாம் ஒரு மறைப்பு, அந்தப் பையனுக்குக் கிட்னியில் கோளாறு என்று மறுநாளே எல்லா வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் நேரில் கேட்கவில்லை, அவ்வளவு நாகரிகமானவர்கள். வாழைத்தண்டு மட்டும் வர ஆரம்பித்தது. மேல் வீட்டிலிருந்து ஒன்று, எதிர் வீட்டிலிருந்து நறுக்கி நாரெடுத்தே ஒரு டப்பா, சண்முகவேல் வீட்டிலிருந்து மரத்தில் பாதி. கீர்த்தி அதைக் கூட்டாகவும் பொரியலாகவும் பச்சடியாகவும் செய்தாள். ஒருநாள் அஸ்வத், எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டான்.

"எந்த உண்மைய?" என்றாள் கீர்த்தி. "எனக்கு எந்த உண்மையும் தெரியாது. சாப்பிடு."

பாத்திரம் பால்கனியில் இருந்தது. விடுமுறை நாட்களில் அஸ்வத் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவான். பார்லியை முளைகட்டிக் காயவைத்து விற்கிற ஆள் பெங்களூரில் இருந்தார். அவருக்கு ஆர்டர் போடவேண்டும். போடவில்லை.

பங்குனி பிறந்தது. மயிலாப்பூரில் பெருவிழா தொடங்கப்போகிறது என்று மாட வீதிகளில் பந்தக்கால் நட்டார்கள். அறுபத்து மூவர் உலா அன்று சண்முகவேல் வருஷா வருஷம், தெற்கு மாட வீதிக்குப் போகும் குறுக்குத் தெருவில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுப்பார். இந்த வருஷம் மாடி ஏறிவந்து அஸ்வத் வீட்டு சோபாவில் உட்கார்ந்தார்.

"மோருதான் எல்லாரும் குடுக்காவ. நாம பார்லித் தண்ணி குடுப்போம் தம்பி. அண்டா உங்ககிட்ட இருக்கு, பக்குவமும் உங்களுக்குத் தெரியும். நீங்கதான் முன்ன நின்னு செய்யணும்."

அவர் கேட்கவில்லை, தகவல்தான் சொன்னார். அஸ்வத் கீர்த்தியைப் பார்த்தான். இதற்குச் சட்டப்படி எந்தத் தடையும் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றாள் அவள்.

ஒரு பாத்திரம் பத்தாது என்று அவர்களே பேசி முடிவுசெய்தார்கள். அதேமாதிரி இன்னொன்று வாடகைக்குக் கிடைக்குமா என்று சண்முகவேல் கேட்டபோது, அஸ்வத் வேறு வழியில்லாமல் அஃப்சருன்னிசாவின் நம்பரைக் கொடுத்தான். சண்முகவேல் அவரோடு வெகுநேரம் பேசினார். பெரும்பாலும் கல்லைப் பற்றித்தான் பேசியிருப்பார் போல. அறுபத்து மூவருக்கு முந்தின நாள் லோடு ஆட்டோவில் பெரிய தேக்ஸா ஒன்று வந்து இறங்கியது. வாடகை வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

விடியற்காலையிலேயே மொட்டைமாடியில் இரும்பு அடுப்பும் சிலிண்டரும் ஏறிவிட்டன. சேலைக்கடையிலிருந்து உதவிக்கு நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அஸ்வத் போய் ஓரமாக நிற்பதாகத்தான் இருந்தான். ஆனால் அவர்களில் ஒருவர் பார்லியைக் கழுவாமல் அப்படியே கொதிக்கிற தண்ணீரில் கொட்டப்போனதைப் பார்த்ததும் தன்னையறியாமல் கையை நீட்டித் தடுத்துவிட்டான். அதற்கப்புறம் கரண்டி அவன் கையில்தான் இருந்தது.

பார்லியைக் கழுவவைத்தான், உடைக்கவைத்தான், தண்ணீர் இளஞ்சூட்டில் இருக்கும்போதே போடவைத்தான். அடியில் பிடிக்காமல் எப்படித் துழாவவேண்டும் என்று காட்டினான். இப்போது பொங்கும் பாருங்கள் என்று அவன் சொல்லிவிட்டுத் தீயைத் தணித்தபோது எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நுரை விளிம்புவரைக்கும், வெட்டியிருந்த பெயர்வரைக்கும் எழுந்து வந்து, யோசித்து, அடங்கியது. நாற்பது லிட்டர் ஏன் வேண்டும் என்று அவன் படித்தது கண்ணுக்கு எதிரே சரியாக நடந்தது.

காய்ச்சியதைச் சட்டென்று ஆறவைக்கவேண்டும் என்பதில் அவன் பிடிவாதமாக இருந்தான். அந்தத் தாடிக்காரர்கள் எல்லாரும் அதில் பிடிவாதமாகத்தான் இருந்தார்கள். தானா ஆறிடும் சார் என்று கடை ஆட்கள் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சண்முகவேல் பட்டினப்பாக்கத்திலிருந்து ஐஸ் பாளங்கள் சொல்லியிருந்தார். வந்தது மீனுக்குப் போடுகிற ஐஸ். அதைக் குடிக்கிற தண்ணீரில் போடமுடியாது. துணி நனைக்கிற பெரிய தொட்டியில் அந்த ஐஸைப் போட்டு, அதன் நடுவில் தேக்ஸாவை இறக்கிவைத்துத் துழாவினார்கள். ஆவி அடங்கியதும் எலுமிச்சையும் உப்பும் நாட்டுச் சர்க்கரையும் போட்டார்கள். மாடியெல்லாம் லேசாக மீன் வாசனை அடித்தது. பார்லித் தண்ணீரில் அடிக்கவில்லை. அது பீர் இல்லை என்பது அஸ்வத்துக்கு ஞாபகம் வந்தது எல்லாம் முடிந்து, கரண்டியைக் கீழே வைத்த பிறகுதான்.

பகல் ஏறியதும் தெருவில் நிற்க இடமில்லை. பல்லக்குகள் மாட வீதியில் நகர்ந்துகொண்டிருந்தன, கூட்டம் குறுக்குத் தெருக்களிலெல்லாம் வழிந்தது. பந்தலில் பார்லித் தண்ணீர் என்றதும் முதலில் ஜனங்கள் தயங்கினார்கள். எதிர்ப் பந்தலில் மோர் கொடுத்தார்கள், பக்கத்தில் பானகம். சண்முகவேல் மைக்கைக் கையில் எடுத்தார். கல்லடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் சூட்டுக்கும் பார்லி செய்கிற நன்மைகளை விளக்கினார். தன் சொந்த அனுபவத்தையும் கொஞ்சம் சொன்னார். கூட்டம் நெருங்கி வந்தது. உபயதாரர்கள் பெயரைச் சொல்லவேண்டிய கட்டத்தில் அவர் குனிந்து, எதிரே இருந்த பாத்திரத்தின் விளிம்பில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அண்டா உபயம், ராயப்பேட்டை அஃப்சருன்னிசா அம்மா அவர்கள்."

அது இரண்டாவது தடவை ஒலிபெருக்கியில் வந்தபோது அந்த அம்மாளே தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். தங்கை ஜமீலுன்னிசாவையும் கூட்டிக்கொண்டு, தன் பாத்திரங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வந்தவர். பெயரைக் கேட்டு நடுத்தெருவில் அப்படியே நின்றார். தங்கை அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் பந்தலுக்குள் வரவேண்டியிருந்தது. சண்முகவேல் எழுந்து கும்பிட்டு நாற்காலி போட்டார். அஃப்சருன்னிசா ஒரு கப் வாங்கிக் குடித்துப் பார்த்தார். உப்பு கொஞ்சம் கம்மி, மற்றபடி நன்றாக ஆற்றியிருக்கிறீர்கள் என்றார்.

நன்றாக ஆற்றியிருக்கிறீர்கள் என்று அவர் சொன்னதுதான் அஸ்வத்துக்குத் தாங்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் காலி கேன்கள் அடுக்கியிருந்த இடத்துக்கு அவரை வரச்சொன்னான். கூட்டத்தின் இரைச்சலில் கொஞ்சம் உரக்கவே சொல்லவேண்டியிருந்தது.

"அம்மா, இந்தப் பாத்திரத்த நான் இதுக்காக வாங்கல. பீர் காய்ச்சலாம்னுதான் வாங்கினேன்."

அவர் கையிலிருந்த காகிதக் கப்பைப் பார்த்தார். "பீருக்கும் பார்லிதானா?"

"பார்லிதான்."

"அப்ப அன்னிக்கு நீங்க பொய் சொல்லல."

"இல்ல. முழுசாவும் சொல்லல."

"கல்லு?"

"எனக்குக் கல்லே இல்லம்மா. முட்டியிலதான் ஆபரேஷன்."

அஃப்சருன்னிசா கப்பில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். கோபமா என்று அவன் அவர் முகத்தைப் பார்த்தான், தெரியவில்லை. வாங்கிய விலையில் குறைத்ததைக் கொடுத்துவிடுகிறேன் என்று அவன் ஆரம்பித்ததை அவர் கையசைத்து நிறுத்தினார்.

"எங்க வூட்டுக்காரருக்கு அல்லாகிட்ட துஆ கேக்கறப்பல்லாம் உங்களுக்கும் சேத்துக் கேட்டேன் தம்பி. தெனம் கேட்டேன். அத இப்ப இன்னா பண்றது?"

அவரே யோசித்தார்.

"சரி, முட்டிக்கு ஆவட்டும்" என்றார். பிறகு பந்தலுக்குள் இருந்த பாத்திரத்தை நோக்கித் தலையசைத்தார். "தங்கச்சி ஜமீலா நிக்காஹ்வுக்கு நான் அதுலதான் கீர் காய்ச்சினேன். அதுல மட்டும் வேணாம்."

"அதுல இல்லம்மா" என்றான் அஸ்வத்.

அவ்வளவுதான் பேச்சு. அவர் உள்ளே போய், உப்பு வாங்கிவரச் சொல்லி, தன் கையாலேயே போட்டுக் கலந்தார். வெயில் தாழ்கிறவரைக்கும் இருந்துவிட்டுத்தான் போனார். போகும்போது பெரிய தேக்ஸாவை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மிச்சமிருந்த பார்லித் தண்ணீரைக் கொட்ட மனசில்லாமல், ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மூடி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக யாரோ வைத்தார்கள். எல்லாருக்கும் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. கேனை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்துத் துணி உலர்த்தப் போன கீர்த்தி அஸ்வத்தை மேலே கூப்பிட்டாள். கேன் பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோல உப்பியிருந்தது. அவன் மூடியைக் கொஞ்சம் திருகினான். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது. உள்ளே பொடிப்பொடியாகக் குமிழிகள் மேலே வந்துகொண்டிருந்தன. புளித்த வாசனை, அதற்குள் எங்கோ ரொட்டி மாதிரி ஒரு வாசனை.

"இது யாரு பண்ணது?" என்றாள் கீர்த்தி.

"யாரும் பண்ணல. வெயில்ல வெச்சிருந்தோம்."

கீர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்து மொட்டைமாடியில் ஒரு பெண்மணி வடகம் பிழிந்துகொண்டிருந்தார், அவர் முகம் அந்தப் பக்கம் இருந்தது. கீர்த்தி கேன் மூடியிலேயே கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டுக்கொண்டாள். கண்ணை மூடி, சாட்சி சொல்வதைக் கேட்பதுபோல நிதானமாக ருசி பார்த்தாள். மூடியை அவனிடம் நீட்டினாள். அவனும் குடித்தான். எலுமிச்சை கசந்தது, உப்பு கரித்தது, நாக்கில் ஏதோ சுருக்கென்று குத்தியது.

"நல்லா இல்ல" என்றாள்.

"நல்லாவே இல்ல" என்றான்.

மூடியைத் திரும்ப வாங்கி அவள் இன்னும் ஒரு வாய் குடித்தாள். அப்புறம் கொட்டிவிடு என்றாள். அஸ்வத் கேனைச் சாய்த்து மழைநீர்க் குழாயின் வாயில் மெல்ல ஊற்றினான். நுரை வட்டமாகச் சுழன்று சுழன்று இறங்கியது. அவள் உலர்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் ஊற்றி முடிக்கிறவரைக்கும் காத்திருந்தாள். படியிறங்கும்போது, உப்பும் எலுமிச்சையும் போடாமல் இருந்திருந்தால் இவ்வளவு மோசமாக இருந்திருக்காது என்றாள். அஸ்வத் ஆமாம் என்றான்.